எழுதுகோல் யார் கையில்?

அச்சுப்பொறி வந்தபோது, இனி அறிவு அனைவர்க்கும் பொது என்றனர். ஓலைச்சுவடியை ஒரு சிலர் ஒளித்து வைத்திருந்த காலம் ஒழிந்தது என்று களித்தனர். இணையம் வந்தபோதும் அதே மொழி, அதே களிப்பு! கையில் கைபேசி உள்ள எவரும் இன்று செய்தியாளரே என்கின்றனர். மெய்தானா? வரலாற்றுப் பாடம் நடத்தி வயிறு வளர்க்கும் நாம், இத்தகைய வாக்குறுதியைக் கேட்டதும் பழைய கணக்கேட்டைப் புரட்டிப் பார்க்கும் வழக்கமுடையோம். புரட்டுவோம்.

1920-ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 31-ஆம் நாள், பம்பாயில் அம்பேத்கர் 'மூக்நாயக்' என்னும் மராத்தி ஏட்டைத் தொடங்கினார். 'ஊமைகளின் தலைவன்' என்பது பொருள். ஏடு வரப்போகிறது என்று ஒரு விளம்பரம் வெளியிடுமாறு திலகரின் 'கேசரி'யைக் கேட்டனர்; இனாமாக அன்று, கட்டணத்துக்கு. 'கேசரி' மறுத்துவிட்டது. சுயராச்சியம் பிறப்புரிமை என்று முழங்கியவரின் ஏடு அது! அச்சுப்பொறிக்கு எந்த எழுத்தும் ஒன்றே. அதன் உடைமையாளருக்கோ எழுதியவன் யார் என்பதே முதற்கேள்வி. எனவே, ஒதுக்கப்பட்டோர் தமக்கெனத் தனி ஏடு காண வேண்டியதாயிற்று. இதில் தமிழகம் முந்திக்கொண்டது என்பதை நம் மாணவர்களிற் பலர் அறியார். 1893-இல் இரட்டைமலை சீனிவாசன் 'பறையன்' என்று பெயரிட்டே ஓர் இதழ் நடத்தினார். இழிவென்று ஊர் எண்ணிய சொல்லை முகப்பிலே பொறித்த துணிவு அது. 1907-இல் அயோத்திதாசப் பண்டிதர் சென்னையில் 'ஒரு பைசாத் தமிழன்' கண்டார்.

விடுதலை வந்தது, குடியரசு வந்தது, செய்தி நிலையங்களின் கதவு திறந்ததா? 1996-இல் தில்லியில் பி.என். உனியால் என்னும் பத்திரிகையாளரிடம் அயல்நாட்டு நிருபர் ஒருவர், தலித் பத்திரிகையாளர் ஒருவரை அறிமுகப்படுத்துமாறு கேட்டார். தேடினார் உனியால். அரசின் அங்கீகாரம் பெற்றோர் பட்டியலில் 686 பெயர்கள். அவற்றுள் 454 பெயர்களின் வாலிலே சாதி! அவருள் தலித் எவருமில்லை. எஞ்சியோரிற் பலரைத் தொலைபேசியில் அழைத்துக் கேட்டார். ஒருவர்கூட அகப்படவில்லை.

அது காகிதக் காலம், இணையம் அதனை மாற்றியிருக்குமே என்பீர்கள். 2019-இல் ஆக்ஸ்ஃபாம் நிறுவனமும் 'நியூஸ்லாண்டரி' தளமும் ஓர் ஆய்வை வெளியிட்டன. செய்தி நிறுவனங்களின் தலைமைப் பொறுப்புகள் 121 எண்ணப்பட்டன. அவற்றுள் 106 உயர்சாதியினர் கையில். பட்டியல் சாதியினரும் பழங்குடியினரும் வகித்தது ஒன்றுகூட இல்லை. இணையத் தளங்களையும் சேர்த்தே எடுத்த கணக்கு இது. கருவி புதிது, நாற்காலி பழையது!

எனினும், கருவியால் ஏதும் விளையவில்லை என்று சாதித்தால் அதுவும் பொய்யாகும். இராமன் வனவாசத்தில் தங்கியதாகக் கதை சொல்வாரே, அந்தச் சித்திரகூடம் இன்று உத்தரப்பிரதேசத்தில் ஒரு மாவட்டம். புந்தேல்கண்ட் என்னும் வறண்ட நிலப்பகுதியைச் சார்ந்தது, சாதிக்கொடுமைக்குப் பேர்போனது. அங்கே 1990-களில் முதியோர் கல்வி போல் நடந்த பெண்கள் திட்டமொன்றில் எழுத்துக் கற்ற பெண்கள், தாமே ஒரு சிறு செய்தித்தாள் எழுதிப் பழகினர். அந்தப் பழக்கம் 2002 மே திங்களில் 'கபர் லகரியா' என்னும் இதழாக மலர்ந்தது. 'செய்தி அலைகள்' என்று தமிழில் கூறலாம். தலித் பெண்கள், இசுலாமியப் பெண்கள், பழங்குடிப் பெண்கள், பிற்பட்ட வகுப்புப் பெண்கள் — இவர்களே நிருபர், இவர்களே ஆசிரியர். பேருந்திலும் கால்நடையாகவும் ஏட்டைச் சுமந்து சென்று விற்றவரும் இவர்களே. மொழி, தில்லி இந்தியன்று. ஊரார் பேசும் புந்தேலி. தொடங்கியோருள் ஒருவரான கவிதா தேவி, சிறுமியாய் இருக்கையிலேயே மணம் முடிக்கப்பட்டவர். பின்னரே எழுத்துக் கற்றவர். அவர் பின்னாளில் இந்தியப் பத்திரிகை ஆசிரியர் கழகத்தில் இடம்பெற்றார்.

என்ன எழுதினர்? தண்ணீர் வராத கைப்பம்பு, காகிதத்தில் மட்டும் போடப்பட்ட சாலை, பங்கீட்டுக் கடையின் எடைக்குறைவு, காவல் நிலையம் பதிய மறுத்த வன்கொடுமை வழக்கு. தலைநகர ஏட்டுக்கு இவை செய்தியே அல்ல. 2009-இல் யுனெஸ்கோ எழுத்தறிவுப் பரிசு அளித்தது.

2016 அளவில் காகிதத்தை விடுத்துக் கைபேசிக்கு மாறினர். இந்த மாற்றத்தைப் படமாக்கிய 'ரைட்டிங் வித் ஃபயர்' 2021-இல் வெளிவந்தது. கைபேசியைத் தொட்டுப் பழகாத நிருபர், அது கெட்டுவிடுமோ என்று அஞ்சுவதை அதிற் காண்கிறோம். மின்விளக்கில்லாத வீடு, கைபேசியிலோ ஆங்கில எழுத்து! கரும்பலகை முன் நிற்கும் நமக்கு அந்த அச்சம் புதிதன்று. ஆனால் கற்றனர். எழுதப் படிக்கத் தெரியாத மூதாட்டியும் காணொளியைப் பார்க்கிறாள், கேட்கிறாள். ஏடு எட்டாத வீட்டையும் அலை எட்டிற்று.

தொல்லையும் அதே வழியில் வந்தது. 2015-இல் முகந்தெரியாத ஒருவன் இவ்விதழின் பெண்கள் பலரைத் தொலைபேசியில் பல மாதங்கள் ஆபாசமாக மிரட்டினான். காவல்துறையிடம் அலைந்தனர், பயனில்லை. செப்டம்பரில் நடந்ததை ஊரறிய எழுதி வெளியிட்டனர். அதன் பின்னரே கைது! தம் துயரையும் செய்தியாக்கினாலன்றி நீதி நகரவில்லை.

இணையச் செய்தியாளருக்குச் சட்டம் தந்த காப்பு என்ன? 1955-இல் இயற்றப்பட்ட உழைக்கும் பத்திரிகையாளர் சட்டம், நான்கு வாரத்துக்கு 144 மணிநேரத்துக்கு மேல் வேலை வாங்கலாகாது என்றது. ஊதியக் குழுவுக்கு வழிசெய்தது. அது செய்தித்தாள் நிறுவனத்தாருக்கே உரியது. 2020-இல் இயற்றி, 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த தொழிலாளர் தொகுப்புச் சட்டம் மின்னணு ஊடகத்தாரையும் அணைத்துக்கொண்டது. நன்று. ஆனால், வேலைக்கு அமர்த்தப்பட்டோரே அங்கும் செய்தியாளர். தானே படம் பிடித்து, தானே பேசி, தானே ஏற்றும் தனியாள் எவருக்கும் ஊழியரல்லர். அவர் காணொளி யார் கண்ணிற் படும் என்பதோ யூடியூப் நிறுவனத்தின் கணக்குப்பொறி செய்யும் முடிவு. சத்தீசுகரில் 'பஸ்தர் ஜங்ஷன்' என்னும் அலைவரிசையை யூடியூபில் நடத்திய முகேஷ் சந்திராகர், சாலைப்பணி ஊழலை வெளிக்கொணர்ந்தவர். 2025 சனவரியில் அவர் உடல் ஒப்பந்தக்காரரின் இடத்தில், கழிவுநீர்த் தொட்டிக்குள் கிடந்தது.

சித்திரகூடத்துப் பெண்களின் படம் 2022-இல் ஆஸ்கர் இறுதிப் பட்டியலில் இடம்பெற்றது. உலகம் கைதட்டக் காத்திருந்தது. மார்ச் திங்களில், விழாவுக்குச் சில நாட்களே இருக்கையில், அப்பெண்கள் ஓர் அறிக்கை விடுத்தனர். படம் உள்ளத்தைத் தொடுவதே. ஆயினும் ஒரே கட்சியைப் பற்றி எழுதுவதே தம் வேலை என்பதுபோற் காட்டியிருப்பது சரியன்று என்பது அதன் சாரம். தம்மைப் புகழ்ந்த படம் என்பதற்காக அவர்கள் வாளாவிருக்கவில்லை. விருது வேறொரு படத்துக்குப் போயிற்று.