தொப்பிக்கு ஒன்பது பென்ஸ்

நூலுக்கு மூன்று பென்ஸ். பின்னி முடித்த தொப்பிக்கு ஒன்பது பென்ஸ். எங்கள் கொட்டியாரக் குடாவோடு தொடர்புடைய கைப்பணிக் கணக்குகளில் நான் படித்த மிகப் பழையது இதுதான். எழுதிவைத்தவன் வியாபாரி அல்ல, கைதி.

கைப்பணிக் கண்காட்சி எதற்குப் போனாலும் எனக்கு இந்தக் கணக்கு ஞாபகம் வந்துவிடும். பன்பாய், மருதமுனைச் சாரம், பனையோலைப் பெட்டி, சிரட்டை அகப்பை, நூலில் பின்னிய கைப்பை என்று வரிசையாக மேசைகள். ஒவ்வொரு மேசையிலும் ஒரே உரையாடல். "என்ன ராத்தா, ஒரு பாய்க்கு இவ்வளவா?" என்று வாங்க வந்தவர் கேட்பார். பன்னை வெட்டிக் காயவைத்து, சாயத்தில் அவித்தெடுத்து, நாள் கணக்கில் குந்தியிருந்து இழைத்த ராத்தா சிரித்துக்கொண்டே கொஞ்சம் குறைப்பார். சாயத்துக்கு எவ்வளவு என்று அவரிடம் கணக்கு இருக்கும். குந்தியிருந்த நாட்களுக்கு இராது. ஒன்பதில் மூன்றைக் கழித்தால் வருகிற ஆறு பென்ஸ்தான் அந்த நாட்களின் விலை. அதை அப்படித் தனியே பிரித்துப் பார்க்க அந்தக் கைதி, ரொபர்ட் நொக்ஸுக்குத் தெரிந்திருந்தது.

எங்கள் குறிஞ்சாக்கேணியிலிருந்து பார்த்தால் நொக்ஸின் கதை தூரத்துக் கதை இல்லை. குடாவின் இந்தப் பக்கம் கிண்ணியா, அந்தப் பக்கம் மூதூர். 1659 நவம்பரில் மசூலிப்பட்டினத்தில் அடித்த புயலில் ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பனியின் 'ஆன்' என்ற கப்பல் பாய்மரத்தை இழந்தது. புதிய மரம் வெட்டி நாட்ட வேண்டும். கப்பல் சும்மா கிடக்க வேண்டாம், பழுது பார்க்கிற நேரத்தில் வியாபாரமும் நடக்கட்டும் என்று கம்பனி அதைக் கொட்டியாரத்துக்கு அனுப்பியது. துணி ஏற்றினார்கள். பரங்கிப்பேட்டை வியாபாரிகளும் ஏறிக்கொண்டார்கள். துணி நெய்கிற கரைக்கும் துணி தேவைப்படுகிற கரைக்கும் இடையே பழக்கமான ஓட்டம்தான் அது.

அந்த நாளில் மூதூர்க் கரை கண்டி அரசன் இரண்டாம் இராஜசிங்கனின் ஆட்சிக்குள் இருந்தது. கப்பல் வந்த செய்தி அவனுக்குப் போயிற்று. படையோடு திசாவை என்ற மாகாண அதிகாரி ஒருவர் வந்தார். கப்பல் தலைவர் பெயரும் ரொபர்ட் நொக்ஸ், கூட வந்த மகன் பெயரும் ரொபர்ட் நொக்ஸ். தலைவர் கரையில் புளியமரத்தடியில் இருந்தபோது பிடிபட்டார். அவர், மகன், படகில் வந்தவர்கள் என்று எல்லாமாகப் பதினாறு பேர் அகப்பட்டார்கள். 1660 ஏப்ரல். மகனுக்கு அப்போது பத்தொன்பது வயது. அந்த மரத்தை 'வெள்ளைக்காரன் மரம்' என்று குறித்து 1893இல் ஒரு கல்லும் நாட்டினார்கள்.

இந்தக் கைதிகளை இராஜசிங்கன் சிறைக்கூடத்தில் அடைக்கவில்லை. ஊர் ஊராகப் பிரித்துவிட்டான். ஊரார் முறைவைத்துச் சோறு போட வேண்டும், காவலும் அவர்களே. தகப்பனும் மகனும் பண்டார கொஸ்வத்த என்ற ஊரில் இருந்தார்கள். காய்ச்சல் கண்டு தகப்பன் 1661 பெப்ரவரியில் இறந்துபோனார். மகன் தனியனானான். சோற்றுக்குப் பஞ்சமில்லை, அது அரச கட்டளை. உடுப்புக்குக் கட்டளை ஏதும் இல்லை. வருஷங்கள் போகப் போக, துணி விற்க வந்த கப்பலின் ஆட்களுக்கு உடம்பை மறைக்கத் துணி இல்லாமல் போயிற்று.

தொப்பி வியாபாரம் பிறந்தது அங்கேதான். நூல் ஊரில் கிடைத்தது. பின்னல் வேலையை ஆங்கிலேயர்கள் கற்றுக்கொண்டார்கள். தறி வேண்டாம், பட்டறை வேண்டாம், முதலாளி வேண்டாம். காவலில் இருக்கிறவனுக்கு நேரமோ அளவில்லாமல் கிடக்கிறது. கைத்தொழில் பிறப்பதற்கு இதைவிடப் பொருத்தமான இடம் வேண்டுமா? கைப்பணியைப் பற்றிப் பேசுகிறவர்கள் மரபு, பாரம்பரியம், தலைமுறை என்றெல்லாம் சொல்வதுண்டு. அது பாதி உண்மை. மீதிப் பாதி இல்லாமையும் வெறும் நேரமும் சேர்ந்து பெற்ற பிள்ளை. பாய் இழைக்கிற எத்தனையோ வீடுகளுக்கும் இது பொருந்தும்.

தொப்பியால் வந்த லாபங்களில் ஒன்றை நொக்ஸ் தனியாகச் சொல்கிறான். ஒருநாள் அவன் மீன்பிடித்துக்கொண்டிருக்க, வழியால் போன கிழவர் ஒருவர் அவனுடைய வேலைக்காரப் பையனிடம், உன் எசமானுக்குப் புத்தகம் வாசிக்கத் தெரியுமா என்று கேட்டார். கொழும்பு போர்த்துக்கேயரிடமிருந்து பறிபோன காலத்தில் கையில் வந்த புத்தகம் அவரிடம் இருந்தது. அது ஆங்கில பைபிள். நொக்ஸிடம் மிச்சமிருந்தது ஒரேயொரு பொற்காசு. அதையே கொடுத்துவிடத் துடித்தான். அந்தப் பையன் தடுத்தான், ஆசையைக் காட்டாமல் இருந்தால் மலிவாக வாங்கலாம் என்றான். கடைசியில் புத்தகம் கைமாறியது ஒரு பின்னல் தொப்பிக்கு. பேரம் பேசத் தெரிந்த ஒருவர் பக்கத்தில் இருப்பது எந்தச் சந்தையிலும் நல்லதுதான்.

இனி வருவது இந்தக் கதையில் எனக்கு மிக முக்கியமான இடம். ஒன்பது பென்ஸ் நிலைக்கவில்லை. ஒருவர் பின்ன, அடுத்தவர் பின்ன, எல்லாரும் ஊன்றிப் பின்னினார்கள். தொப்பி பெருகியது. வாங்குகிற தலைகள் பெருகவில்லை. விலை இறங்கியது, பிறகு வியாபாரமே மந்தமாயிற்று. இதை நொக்ஸ் புலம்பாமல் எழுதுகிறான்.

கைப்பணிக்கு எதிரி இயந்திரம் என்று நாம் சொல்லிப் பழகிவிட்டோம். பிளாஸ்டிக் பாய் வந்து பன்பாயைக் கெடுத்தது உண்மை. ஆனால் நொக்ஸின் காலத்தில் தொப்பி பின்னும் ஆலை எதுவும் கண்டியில் இல்லை. தொப்பியின் விலையைக் கெடுத்தது பக்கத்துத் திண்ணையில் இருந்த இன்னொரு தொப்பிதான். இன்றும் சுயதொழில் பயிற்சி என்று ஓர் ஊரில் இருபது பெண்களுக்கு ஒரே மாதத்தில் ஒரே கைப்பையைப் பின்னக் கற்றுக்கொடுத்து, இருபது பேரையும் ஒரே கண்காட்சிக்குக் கொண்டுவந்து உட்காரவைக்கிறார்கள். நல்ல எண்ணம்தான். விலை என்ன ஆகும் என்பதை மட்டும் யாரும் யோசிப்பதாகத் தெரியவில்லை.

இதற்குத் தீர்வு இரண்டே. பொருள் மாற வேண்டும், அல்லது வாங்குகிற முகம் மாற வேண்டும். முகம் மாறுவதற்கும் இரண்டு வழி: விற்கிறவன் நடக்க வேண்டும், இல்லையென்றால் வாங்குகிறவன் தேடி வர வேண்டும். இலங்கை 1964இல் லக்சல என்ற அரச கடையைத் திறந்தது. ஊர்களில் செய்ததைக் கொழும்பு வாங்கி விற்கும். செய்தவர் முகத்தை வாங்குகிறவர் பார்ப்பதில்லை. இந்தியாவில் வேறு வழியும் பார்த்தார்கள். ஹரியானாவில், டில்லிக்குத் தெற்கே, பழைய சூரஜ்குண்ட் குளத்தின் பக்கத்தில் 1987இல் ஒரு மேளா தொடங்கியது. ஓலைக் கூரைக் குடில்களில் செய்தவரே குந்தியிருந்து விற்பார். பெப்ரவரியில் இரண்டு கிழமை அளவில், அவ்வளவுதான். 1989இல் ராஜஸ்தானை முன்னிறுத்தியதிலிருந்து வருஷத்துக்கு ஒரு மாநிலம் என்று மாற்றிக்கொண்டு வந்தார்கள். பிறகு வெளிநாடுகளும் சேர்ந்தன, 2014இல் இலங்கை. டில்லியில் ஜெயா ஜெட்லியின் முயற்சியில் 1994இல் திறந்த தில்லி ஹாட் வருஷம் முழுக்க நடக்கிற சந்தை. அங்கே கைவினைஞர்களுக்குக் கடை பதினைந்து நாளுக்குத்தான். முடிந்ததும் எழுந்து அடுத்தவருக்கு இடம் விட வேண்டும். எனக்கு அந்தச் சந்தையில் பிடித்தது இந்த ஒரு விதிதான். ஒரே பொருள் ஒரே இடத்தில் தேங்கிப்போகாது. நாட்டுப்புறத்துப் பெரிய கண்காட்சி ஒன்றைப் பார்க்கப் போகிறவர் அலங்கார வளைவையும் பொய்க்கால் குதிரையையும் படம்பிடிக்கலாம். இந்த மேசையில் போன வருஷம் யார் இருந்தார் என்றும் ஒரு வார்த்தை விசாரித்துப் பார்க்கலாம்.

நொக்ஸ் இரண்டு வழியையும் எடுத்தான். பொருளை மாற்றினான்: ஆடு வளர்த்தான், நெல்லை வட்டிக்குக் கொடுத்தான், ஆண்டுக்கு நூற்றுக்கு ஐம்பது. கைதி வட்டிக்கு விட்ட கதையை வேறெங்கும் நான் படித்ததில்லை. கண்டிப் பக்கம் எலதெத்த என்ற இடத்தில் இருபத்தைந்து லாரின் கொடுத்துக் காணியும் வாங்கினான். லாரின் என்பது தூண்டில்முள் வடிவில் வளைத்த வெள்ளிக் கம்பிக் காசு.

பிறகு மூட்டையைத் தூக்கினான். புகையிலை, மிளகு, பூண்டு, சீப்பு, இரும்புச் சாமான். ஸ்டீபன் ரட்லண்ட் என்ற தோழனோடு வடக்குப் பக்கத்து வறண்ட ஊர்களுக்கு நடந்தான். ஒவ்வொரு பயணத்திலும் வழி கொஞ்சம் கூடத் தெரிந்தது. எந்த ஊருக்குப் பிறகு காவல், எந்தக் குளத்தில் தண்ணீர், எந்த ஆறு எந்தப் பக்கம் போகிறது என்பதெல்லாம் பேரம் பேசுகிற சாக்கில் தெரிந்துகொண்டவை. அங்காடி வியாபாரி வழி கேட்டால் யாரும் சந்தேகப்படமாட்டார்கள். போய்ப் போய்த் திரும்பி வந்தான். மழை பொய்த்த வருஷங்களில் காட்டில் குடிக்கத் தண்ணீர் இராது என்று தள்ளிப்போட வேண்டியிருந்தது.

1679 செப்டெம்பர் 22ஆம் திகதி புறப்பட்ட பயணம் திரும்பாத பயணம். அனுராதபுரம் வரைக்கும் வியாபாரிகளாகவே போனார்கள், மான் இறைச்சி வாங்க வந்ததாகச் சொன்னார்கள். அதற்கப்பால் அருவியாற்றைப் பிடித்துக்கொண்டு காட்டுக்குள் இறங்கினார்கள். சோறு காய்ச்ச ஒரு பாத்திரம், தண்ணீர் அள்ள இரண்டு சுரைக்குடுவை, மழை வந்தால் கூடாரமாக விரிக்க இரண்டு தாளிப்பனை ஓலை. முள்ளுக்குச் செருப்புச் செய்ய மான்தோலும் வைத்திருந்தார்கள். ஒக்டோபர் 18ஆம் திகதி மன்னார்ப் பக்கம் அரிப்பில் ஒல்லாந்தர் கோட்டையை அடைந்தார்கள். கொட்டியாரத்தில் பிடிபட்டுப் பத்தொன்பதரை வருஷம். இப்போது வயது முப்பத்தெட்டு.

அவன் எழுதிய புத்தகம் 1681இல் லண்டனில் அச்சாகியது. சில வருஷங்களுக்குள் ஜெர்மன், ஒல்லாந்து, பிரெஞ்சு மொழிகளுக்கும் போயிற்று. கண்டி இராச்சியத்தின் சட்டம், உழவு, உணவு, கோயில் எல்லாவற்றையும் தெரிந்துகொள்ள இன்றும் ஆய்வாளர்கள் அதைப் புரட்டுகிறார்கள். தொப்பிகளுக்கு அதில் கிடைத்த இடம் கொஞ்சம்தான். டானியல் டிஃபோ அதைப் படித்திருந்தார், தன்னுடைய 'கப்டன் சிங்கிள்டன்' கதைக்குள் 1720இல் நொக்ஸின் வரலாற்றைச் சுருக்கிச் செருகவும் செய்தார். அதற்கு முந்தின வருஷம் அவர் எழுதிய ரொபின்சன் குரூசோவுக்கும் நொக்ஸ் ஒரு தூண்டுதல் என்று சொல்கிறவர்கள் உண்டு. குரூசோவும் தன் தீவில் ஆட்டுத்தோலில் ஒரு தொப்பி செய்துகொள்கிறான். அதை என்ன விலை என்று கேட்க அங்கே ஒருவரும் இல்லை, மலிவாகச் செய்து பக்கத்தில் உட்காரவும் ஒருவரும் இல்லை.