சமயபாடமும் ஆசிரியர் சம்பளமும்

மாதா, பிதா, குரு, தெய்வம் என்று நம் முன்னோர் வரிசைப்படுத்தினர். தெய்வத்தை அறிவிக்கும் குருவைத் தெய்வத்துக்கு முன்னே வைத்த அவ்வரிசையில் ஓர் உண்மை உண்டு. ஆயினும், பாடசாலையிலே தெய்வத்துக்கு எவ்விடம் என்று ஒன்றரை நூற்றாண்டுக்கு மேலாக வாதாடிவந்த நாம், குருவுக்கு என்ன கொடுப்பது என்று அத்துணை ஊக்கத்தோடு வாதாடியதில்லை. இலங்கையின் கல்வி வரலாற்றை, சிறப்பாக யாழ்ப்பாணத்துக் கல்வி வரலாற்றை நோக்குவார்க்கு, கல்வியின் தரம், ஆசிரியர் வேதனம், வகுப்பறையிற் சமயம் என்னும் மூன்றும் தனித்தனி வழக்குகளல்ல, ஒரே வழக்கின் மூன்று கிளைகளே என்பது புலனாகும். அதனை இயன்றவரை எடுத்துக்காட்டுவதே இச்சிறு கட்டுரையின் நோக்கம்.

இதனை எழுதும் நான் ஒரு மிஷன் கல்லூரியிற் கற்றவன். காலைக் கூட்டத்திலே கிறிஸ்தவ கீதம் கேட்டேன். பின்னர் வகுப்பிலே சைவநெறி படித்தேன். அக்கல்லூரிக்கு நான் நன்றிக்கடன் பட்டவன். ஆகவே காய்தல் உவத்தல் இன்றி எழுத முயல்கிறேன். வழுவினேனாயின் பெரியோர் பொறுத்தருள்க.

1814இல் வெஸ்லியன் மிஷனாரும், 1816இல் அமெரிக்க மிஷனாரும் யாழ்ப்பாணம் வந்தனர். 1823இல் வட்டுக்கோட்டைச் செமினறியும், 1824இல் உடுவிற் பெண்கள் பாடசாலையும் தோன்றின. மதம் பரப்புதலே அவர்தம் நோக்கம் என்பதை அவர்களே மறைத்தாரல்லர். அப்படியிருந்தும் சைவப் பெற்றோர் தம் பிள்ளைகளை அங்கு அனுப்பியதேன்? நம் திண்ணைப் பள்ளிக்கூடத்து உபாத்தியாயர், பிள்ளைகளின் வீட்டார் கொடுக்கும் நெல்லையும் காசையும் நம்பி வாழ்ந்தவர். மழை பொய்த்தால் அவர் வருவாயும் பொய்த்தது. மிஷன் பாடசாலை ஆசிரியருக்கோ கடல்கடந்து வந்த பணத்திலிருந்து மாதந்தோறும் சம்பளம் கிடைத்தது. நிலையான சம்பளம் நிலையான ஆசிரியரைத் தந்தது. நிலையான ஆசிரியர் நல்ல கல்வியைத் தந்தார். அக்கல்வியோடு சமயமும் சேர்ந்து வந்தது.

இதனை உள்ளே நின்று கண்டவர் ஸ்ரீலஸ்ரீ ஆறுமுக நாவலர். 1822இல் நல்லூரிற் பிறந்த அவர், வெஸ்லியன் பாடசாலையிற் கற்று, அங்கேயே ஆசிரியராயிருந்து, பார்சிவல் பாதிரியாரின் விவிலிய மொழிபெயர்ப்புக்கும் துணைபுரிந்தார். 1848இல் வண்ணார்பண்ணையிலே சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கியபோது அவர் திண்ணைப் பள்ளிக்கூடத்துக்குத் திரும்பினாரல்லர். வகுப்பு முறை, அச்சிட்ட பாடப்புத்தகம் என எதிர்ப்பக்கத்திற் கண்ட நல்லனவற்றை எல்லாம் எடுத்துக்கொண்டார். தரமில்லாத பாடசாலையிலே சமயம் நிலைக்காது என்பதை அவர் நன்கு உணர்ந்திருந்தார். ஆனாற் பணத்துக்கு எங்கே போவது? தம் உத்தியோகத்தையும் சம்பளத்தையும் துறந்தார். வீடுவீடாகப் பிடியரிசி சேர்த்து அப்பாடசாலை நடத்தப்பட்டதென்று முதியோர் சொல்லக் கேட்டிருக்கிறோம். அத்தியாகத்தை வணங்குவோம். ஆயினும் ஒன்றை மறத்தலாகாது. தியாகத்தால் ஒரு பாடசாலையைத் தொடங்கலாம். தியாகத்தை மட்டும் நம்பி நூறு பாடசாலைகளை நூறு வருஷம் நடத்துதல் இயலாது.

1867இல் வெளிவந்த மோர்கன் குழுவின் அறிக்கையைத் தொடர்ந்து, 1869இல் அரசாங்கம் பொதுப்போதனைப் பகுதியை அமைத்தது. 1870 முதல், எச்சமயத்தார் நடத்தும் பாடசாலையாயினும், உலகியற் பாடங்களிலே பிள்ளைகள் பெறும் பரீட்சைப் பேற்றுக்கேற்ப உதவி நன்கொடை அளிக்கப்பட்டது. மேலெழுந்தவாரியாகப் பார்த்தால் இது நடுவுநிலையான சட்டமே. ஆனாற் கட்டிடமும் பயின்ற ஆசிரியரும் முன்னரே உடையவர் எவரோ அவருக்கே பரீட்சைப் பேறு கிடைத்தது. பேறு கிடைத்தவருக்கே நன்கொடை கிடைத்தது. நன்கொடை பெற்றவரே மேலும் நல்ல ஆசிரியரை வைத்துக்கொண்டார். மழை எல்லா இடத்திலும் பெய்தாலும் நீர் குளத்திலேதான் தேங்கும். மிஷனாரிடம் குளம் இருந்தது. சைவரிடம் மேட்டுநிலமே இருந்தது. பிறசமயப் பாடத்தை விரும்பாத பெற்றோர் தம் பிள்ளையை அந்நேரம் விலக்கிக்கொள்ளலாம் என்னும் மனச்சாட்சி விதியும் பின்னர்ச் சட்டத்தில் இடம்பெற்றது. ஆனால் ஐம்பது பிள்ளைகள் பார்த்திருக்கத் தனியே எழுந்து வெளியே போய் நிற்கும் சிறுவனின் நெஞ்சத்தை அவ்விதி எழுதியோர் எண்ணிப் பார்த்தாரோ, அறியோம்.

சைவரும் வாளாவிருந்தாரல்லர். 1888இற் சைவ பரிபாலன சபை தோன்றியது. 1890இல் யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரி அச்சபையின் ஆதரவில் வளரத் தொடங்கியது. சேர் பொன்னம்பலம் இராமநாதன் 1913இற் பெண்களுக்கென இராமநாதன் கல்லூரியையும், 1921இற் பரமேசுவராக் கல்லூரியையும் நிறுவினார். 1923இல் இந்து போட் எனப்படும் சைவ வித்தியாவிருத்திச் சங்கம் உருவாகியது. அதன் உயிர்நாடியாய் விளங்கியவர் சு. இராசரத்தினம் அவர்கள். அவர் பாடசாலைகளைப் பெருக்கியதோடு நின்றாரல்லர்; 1928இலே திருநெல்வேலியிற் சைவாசிரிய கலாசாலை தோன்றவும் உழைத்தார். பயிற்றப்பட்ட சைவாசிரியர் இன்றேல் நன்கொடை இல்லை, நன்கொடை இன்றேற் சம்பளம் இல்லை, சம்பளம் இன்றேற் பாடசாலை இல்லை என்னும் கணக்கை அவர் செவ்வனே அறிந்திருந்தார். கிழக்கிலே, தாமும் மிஷன் பாடசாலையிற் பயின்றவரான விபுலாநந்த அடிகள் இராமகிருஷ்ண மிஷன் பாடசாலைகளை வளர்த்த வரலாறும் இத்தகையதே.

இது நிற்க. நம்மவர் குறையைச் சொல்லாது விடுதல் நேர்மையன்று. 1930ஆம் ஆண்டளவில், நன்கொடை பெறும் பாடசாலைகளில் எல்லாச் சாதிப் பிள்ளைகளுக்கும் சம ஆசனம் அளிக்கவேண்டுமென்று அரசாங்கம் வற்புறுத்தியபோது, நம்முட் பலர் அதனை எதிர்த்தனர். சில ஊர்களிலே பாடசாலைக் கொட்டில்கள் தீக்கிரையாயின. யாழ்ப்பாண வாலிபர் காங்கிரசார் சம ஆசனத்துக்காக நின்றனர் என்பது நமக்கு ஆறுதல். தம் பிள்ளைகளுக்குச் சமயபாடம் மறுக்கப்படுகிறதென்று முறையிட்ட சமூகமே, வேறு சில பிள்ளைகளைத் தரையில் இருத்திச் சமயபாடம் நடத்தியது. தரையிலிருந்த பிள்ளை அன்று கற்ற பாடம் யாது? ஆசிரியர் நிலையும் அவ்வாறே. நன்கொடைப் பணம் முகாமைக்காரர் கைவழியே வந்தது. நியமிப்பதும் நீக்குவதும் அவர் கையிலேயே இருந்தன. சம்பளத்திற் பகுதி குறைத்துக் கொடுக்கப்படுகிறதென்ற முறைப்பாடு அக்காலத்திற் பரவலாக எழுந்தது. இக்குறையில் இன்ன சமயத்தார் என்ற வேறுபாடு இருக்கவில்லை.

இப்பின்னணியிலேதான் சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கரா அவர்களின் பணியை நோக்கவேண்டும். 1943இல் வெளிவந்த விசேட குழுவின் அறிக்கை அரசாங்க சபையிலே நெடிது விவாதிக்கப்பட்டு, 1945 ஒக்டோபர் 1ஆந் திகதி முதல், பாலர் வகுப்புத் தொடக்கம் சர்வகலாசாலை வரை கல்வி இலவசமாயிற்று. பின்னர் 1960ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டமும், 1961ஆம் ஆண்டின் 8ஆம் இலக்கச் சட்டமும் நன்கொடை பெற்ற பாடசாலைகளை அரசாங்கத்தின் கீழ்க் கொண்டுவந்தன. ஒருசில பெரிய பாடசாலைகள் மட்டும் நன்கொடையின்றித் தனித்து நின்றன. கத்தோலிக்கப் பெற்றோர் பாடசாலைகளுட் புகுந்திருந்து எதிர்த்தனர். சைவருட் சிலர் மிஷன் ஆதிக்கம் தொலைந்ததென்று மகிழ்ந்தனர். ஆனால் இந்து போட் பாடசாலைகளும் அதே சட்டத்தாற் கைமாறின. ஒவ்வொரு பிள்ளைக்கும் பெற்றோரின் சமயத்திலேயே போதனை என்ற கொள்கை நாடெங்கும் நிலைபெற்றது. ஆசிரியர் அரசாங்க ஊழியராயினர். நாவலர் காலந்தொட்டு நடந்த வழக்கு அன்றோடு தீர்ந்ததென்றே பலரும் எண்ணினர்.

தீர்ந்ததா? 2021ஆம் ஆண்டு யூலை முதல் ஒக்டோபர் வரை, 1997 முதல் நீடித்த சம்பள முரண்பாட்டை நீக்குமாறு கோரி ஆசிரியரும் அதிபர்களும் நாடு முழுவதும் பணிப்பகிஷ்கரிப்புச் செய்ததை நம் வாலிபர் நேரிற் கண்டனர். அடுத்த ஆண்டே பொருளாதார நெருக்கடி வந்து, இருந்த சம்பளத்தின் பெறுமதியையும் விழுங்கியது. எனக்குச் சைவநெறி கற்பித்த ஆசிரியை ஒருவர் இருந்தார். நாயன்மார் கதை சொன்னால் வகுப்பே அசையாது. ஆனால் மணி அடித்ததும் அவர் ரியூட்டறிக்கு விரைந்தோடுவார். அங்கே கணிதம் கற்பித்தார். ஏன் ரீச்சர், அங்கும் சைவநெறி படிப்பிக்கலாமே என்று நான் ஒருநாள் கேட்டேன். அவர் சிரித்தார். “தம்பி, அதுக்கு ஆர் காசு தருவினம்?” என்றார். அச்சொல் இன்னும் என் காதில் ஒலிக்கின்றது. சட்டம் சமயபாடத்துக்கு நேரசூசியில் இடங்கொடுத்தது. அந்நேரத்தை நிரப்பும் ஆசிரியருக்கு மனநிறைவோடு வாழ வழி கொடுத்ததா?

ஆசிரியத்தொழில் அறம், அதிற் கூலி பேசுதல் இழுக்கு என்று பெரியோர் சிலர் கூறுவர். அவர் கருத்தை மதிக்கிறேன். ஆனாற் கோயிற் குருக்களுக்கும் தட்சணை கொடுத்தே வழிபடுகிறோம். அதனால் வழிபாடு விலைப்பொருளாவதில்லை. பாடசாலைகளை மீண்டும் சமய நிறுவனங்களிடமே ஒப்படைக்கவேண்டும் என்று வேறு சிலர் கூறுவர். அதற்கு நான் உடன்படேன். முகாமைக்காரரின் தயவில் வாழ்ந்த ஆசிரியரையும், தரையிலிருந்த பிள்ளையையும் வரலாறு நமக்குக் காட்டிவிட்டது. பாடசாலை எல்லார்க்கும் உரியதாக அரசாங்கத்திடமே இருக்கட்டும். அதிலே கற்பிப்பவர் தகுதியுடையவராயும், தகுதிக்கேற்ற வேதனம் பெறுபவராயும் இருக்கச்செய்வது நம் அனைவரின் பொறுப்பாகுக.

சங்கத்து வாலிபருக்கு ஒன்று கூறி முடிக்கிறேன். நாவலர் குருபூசையன்று விளக்கேற்றுகிறோம், பேச்சுப்போட்டி நடத்துகிறோம், நன்று. ஆனால் ஆசிரியர் தம் சம்பளத்துக்காக வீதியில் நிற்கும்போது, சமய சங்கங்களாகிய நாம் அது தொழிற்சங்கத்தார் காரியம் என்று ஒதுங்கி நிற்கலாமா? நம் ஞாயிறு வகுப்புகளிலே ஊதியமின்றிக் கற்பிக்கும் அக்காமாருக்குப் போக்குவரத்துச் செலவையேனும் கொடுக்கின்றோமா? பாடசாலையிற் சைவம் வாழவேண்டும் என்போர், முதலிற் பாடசாலையில் ஆசிரியர் வாழவேண்டும் என்று சொல்லப் பழகவேண்டும். அவ்வரிசையை நம் முன்னோர் அன்றே சரியாக வைத்துச் சென்றனர்.