கணப்பொழுதின் கதி

2010 ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 15 ஆம் நாள், பொங்கலுக்கு மறுநாள், மன்னார்த் தீவிலே உச்சி வெயில் மங்கிற்று. பிற்பகல் ஒரு மணிக்கும் இரண்டு மணிக்கும் இடையே சந்திரன் சூரியனின் நடுவை மறைத்து, விளிம்பை மட்டும் பொன்வளையமாக விட்டுவைத்தது. கங்கண கிரகணம் என்பது இதுவே. ஏறத்தாழப் பத்து நிமிடமே நின்ற அவ்வளையத்தின் நேரத்தை முன்கூட்டிச் சொல்ல வேண்டுமாயின், சந்திரனுடைய வேகம் தெரிதல் வேண்டும். ஆனால் எந்த வேகம்?

நேயர்களுக்குப் பழக்கமான புகையிரதத்தையே எடுத்துக்கொள்வோம். தலைமன்னாருக்கும் மடு வீதிக்கும் இடையே 2015 இல் மீண்டும் திறக்கப்பட்ட பாதை 63 கிலோமீற்றர். ஒன்றரை மணி நேரத்தில் அதைக் கடக்கும் வண்டியின் சராசரி வேகம் மணிக்கு 42 கிலோமீற்றர். வண்டி நிலையத்தை விட்டு அசையத் தொடங்கும்போது இந்த எண்ணால் பயன் என்ன? புறப்பட்ட வண்டி 10 விநாடியில் 10 மீற்றரும், 20 விநாடியில் 40 மீற்றரும் சென்றது என்று கொள்வோம். இடைப்பட்ட பத்து விநாடியின் சராசரி, விநாடிக்கு 3 மீற்றர். 11 ஆவது விநாடி முடிவில் 12.1 மீற்றர் சென்றிருந்தால், அந்த ஒரு விநாடியின் சராசரி 2.1. பத்தில் ஒரு விநாடியை மட்டும் நோக்கினால் 2.01. இடைவெளி குறுகக் குறுக விடை 2 என்பதை அண்டுகிறது. பத்தாம் விநாடியில் வண்டிக்கு இருந்த கணநிலை வேகம் அந்த 2 தான்.

வானநூலார் நடந்து வந்த வழியும் இவ்வாறு இடைவெளியைக் குறுக்கிக்கொண்டே வந்த வழியாகும். கி.பி. 499 இல் ஆரியபடர், 43,20,000 ஆண்டு கொண்ட யுகத்தில் சந்திரன் 5,77,53,336 முறை சுற்றும் என்று வகுத்தார். அதிலிருந்து கிடைப்பது நாளுக்கு ஏறத்தாழ 13.18 பாகை என்ற சராசரி. யுகம் முழுவதற்கும் ஒரே எண்! அடுத்து, வாக்கிய பஞ்சாங்கத்துக்கு அடிப்படையான 248 சந்திர வாக்கியங்கள் ஒவ்வொரு நாளுக்கும் சந்திரனின் நிலையைத் தந்தன. அடுத்தடுத்த இரண்டு வாக்கியங்களின் வேறுபாடு அந்த நாளின் கதி. யுகம் நாளாகச் சுருங்கிற்று. எனினும் அதுவும் சராசரியே.

1150 இல் சித்தாந்த சிரோமணியை இயற்றிய பாஸ்கரர் இதனோடு அமையவில்லை. சந்திரனின் கதி கணந்தோறும் மாறுவதால், திதி முடியும் வேளை அருகில் இருக்கும்போது தாற்காலிக கதியையே கொள்ளவேண்டும் என்றார். சராசரி நிலைக்குச் செய்யும் திருத்தம் ஒரு கோணத்தின் சைனைப் பொறுத்தது; அத்திருத்தம் மாறும் விரைவோ கோசைனைப் பொறுத்தது. முஞ்சாலர் 932 இலேயே கையாண்ட இம்முறையைப் பாஸ்கரர் விளக்கி நிறுவினார். நுண்கணிதம் முழுவதும் அவரிடம் இருந்தது என்று சிலர் மார்தட்டுவது மிகை. எல்லா வகை மாற்றத்துக்கும் பொருந்தும் பொதுமுறை, பதினேழாம் நூற்றாண்டில் நியூட்டனும் லைப்னிட்சும் தந்தது. ஆயினும் ஒரு கணத்துக்கும் கதி உண்டு என்ற துணிவு சிறிதன்று. ஈழத்துத் தமிழ்ப் பாடநூல்களில் இன்றும் வழங்குவது அந்தக் 'கதி' என்ற சொல்லே.

மன்னாருக்குத் திரும்புவோம். அந்தக் கிரகணத்தின்போது சந்திரன் பூமிக்கு மிகத் தொலைவான நிலையை நெருங்கிக்கொண்டிருந்தது. சனவரி 17 இல் அதை அடைந்தது. தொலைவில் இருந்தமையால் உருவம் சிறுத்துச் சூரியனை முற்றாக மறைக்க இயலவில்லை. அதே காரணத்தால் நடையும் தளர்ந்திருந்தது. சந்திரன் சூரியனை நெருங்கும் சராசரி வேகம் நாளுக்கு 12.2 பாகை, அன்றோ ஏறத்தாழ 11 பாகையே. ஆறு பாகை பின்தங்கி நிற்கும் சந்திரன் சூரியனை எட்டச் சராசரிக் கணக்கு 11.8 மணி நேரம் என்னும். உண்மையில் ஆவது 13.1 மணி நேரம். சராசரியை நம்பிக் கடற்கரைக்குப் போனவர், வளையம் தோன்றுமுன் ஒன்றேகால் மணி நேரம் வெயிலில் காத்து நின்றிருப்பார்.