யார் சுமப்பது?

கேமராவின் வரலாற்றைப் பெரும்பாலும் கூர்மையின் வரலாறாகவே எழுதிவிடுகிறார்கள். மங்கலான தகட்டில் தொடங்கி, லென்ஸ் தேறி, ஃபிலிம் தேறி, சென்சார் தேறி, படம் மேலும் மேலும் தெளிந்துகொண்டே வந்தது என்பது அந்தக் கதை. ஸ்டூடியோக்காரருக்கும் ஆய்வுக்கூடத்துக்கும் அது பொருந்தலாம். சம்பளமோ உத்தரவோ இல்லாமல், விடுமுறை நாளில் சொந்த ஆசைக்குப் படம் எடுக்கிறவருக்குப் பொருந்தவில்லை. அவர் வாங்கிய கருவிகளைக் கால வரிசையில் அடுக்கிப் பார்த்தால், முக்கியமான திருப்பங்களில் எல்லாம் தெளிவை விட்டுக்கொடுத்துச் சுமையைக் குறைத்துக்கொண்டிருக்கிறார். தொழில்காரர் மூட்டை தூக்க ஆள் வைக்கலாம், வண்டி பிடிக்கலாம், அந்தச் செலவைக் கணக்கில் எழுதிவிடலாம். ஆர்வலருக்குச் சொந்தத் தோள்தான் கதி. அதோடு தொழில்காரருக்கு இல்லாத ஒரு சுதந்திரமும் அவருக்கு உண்டு: கனமாகத் தோன்றினால் கேமராவை அலமாரியிலேயே வைத்துவிட்டுக் கிளம்பலாம், ஏன் என்று கேட்க யாரும் இல்லை. கேமரா நிறுவனங்களுக்கு ஒன்றரை நூற்றாண்டாக வாய்த்த பெரிய போட்டியாளர் அந்த அலமாரிதான் என்பது என் வாதம்.

1851இல் ஃபிரெடரிக் ஸ்காட் ஆர்ச்சர் வெளியிட்ட ஈரத்தகடு முறையில் கிடைத்த நுணுக்கம் இன்றைக்குப் பார்த்தாலும் வியப்பூட்டும். ஆனால் அதன் செய்முறை ஆளைக் கொல்லும். கண்ணாடித் தகட்டில் கொலோடியனை ஊற்றி, நாலு மூலைக்கும் சாய்த்துப் பரப்பி, வெள்ளி நைட்ரேட் தொட்டியில் முக்கியெடுத்து, ஈரம் காய்வதற்குள் படம் பிடித்து, அந்த ஈரத்தோடேயே டெவலப் செய்தும் ஆகவேண்டும். கேமரா போகும் இடத்துக்கெல்லாம் இருட்டறையும் கூடப் போயாக வேண்டும். 1855இல் கிரிமியப் போருக்குப் போன ரோஜர் ஃபென்டன் ஒரு மதுவியாபாரியின் பழைய வண்டியை இருட்டறையாக மாற்றிக்கொண்டார். 1857 டிசம்பரில் சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரராகப் புறப்பட்ட லின்னேயஸ் ட்ரைப், ஸ்ரீரங்கம், மதுரை, புதுக்கோட்டை, தஞ்சாவூர் என்று சுற்றியபோது பெரும்பாலும் மெழுகிட்ட காகித நெகட்டிவைத்தான் நம்பினார். அதை முன்கூட்டியே தயாரித்து வைத்துக்கொள்ளலாம், வழியில் உடையாது. அப்படியும் அவருடைய சாமான்களுக்கு மாட்டு வண்டிகள் தேவைப்பட்டன. தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் அடியில் ஓடும் கல்வெட்டுகளை 21 படங்களாக இணைத்து, ஏறத்தாழ 19 அடி நீளத்துக்கு அவர் செய்த தொடர்படம் அந்த நூற்றாண்டின் சாதனைகளில் ஒன்று. அரசாங்கத்து வண்டியும் அரசாங்கத்து ஆட்களும் இல்லாமல் அது நடந்திருக்காது. நாட்டிங்ஹாமில் வங்கிக் குமாஸ்தாவாக இருந்து, படப் பித்தில் வேலையை விட்டு 1863இல் இந்தியாவுக்கு வந்த சாமுவேல் போர்ன், இமயமலைப் பயணங்களில் கூலியாட்களைப் பெரிய படையாகவே கூட்டிக்கொண்டு ஏறினார். அவருடைய பனிமலைப் படங்களின் அழகைப் பேசுகிறவர்கள், கண்ணாடித் தகடும் ரசாயனக் குப்பியும் யார் முதுகில் ஏறின என்பதைச் சேர்த்துப் பேசுவது அபூர்வம்.

இன்னொரு வங்கிக் குமாஸ்தாவிடம்தான் கதை திரும்புகிறது. ரோச்செஸ்டர் நகரத்து ஜார்ஜ் ஈஸ்ட்மன் 1877இல், கரீபியன் தீவு ஒன்றுக்குப் போகும் யோசனையில், ஈரத்தகட்டுக் கேமரா ஒன்றை முழுச் சாமான்களோடு வாங்கினார். பெட்டி, முக்காலி, கூடாரம், தொட்டி, தகடுகள், திரவங்கள். பயணம் நடக்கவே இல்லை. ஆனால் ஒரு மனிதன் படம் எடுக்கப் பொதிக்குதிரைச் சுமை ஏன் வேண்டும் என்ற கேள்வி அவரைப் பிடித்துக்கொண்டது. பாதிப் பதில் ஏற்கெனவே தயாராக இருந்தது. கொலோடியனின் ஈதர் ஆவி உடம்புக்கு ஆகாமல் அவதிப்பட்ட ரிச்சர்ட் லீச் மேடக்ஸ் என்ற ஆங்கில மருத்துவர் 1871இலேயே ஜெலட்டின் உலர்தகட்டுக்கு வழி காட்டியிருந்தார். ஈஸ்ட்மன் முதலில் உலர்தகடு செய்து விற்றார், பிறகு சுருள் ஃபிலிமுக்குப் போனார், 1888இல் கோடக் பெட்டியைக் கொண்டுவந்தார். அதன் நீளம் ஆறரை அங்குலம். எட்டிப் பார்த்து அளவு கட்ட ஒரு துவாரம்கூடக் கிடையாது. பெட்டியின் மேல் கிழித்திருந்த கோடுகளை வைத்துக் குத்துமதிப்பாகக் குறிபார்க்க வேண்டியதுதான். கயிற்றை இழுத்தால் ஷட்டர் ஏறும், பொத்தானை அழுத்தினால் விழும், சாவியைத் திருகினால் ஃபிலிம் நகரும். 100 படம் முடிந்ததும் பெட்டியை அப்படியே தொழிற்சாலைக்கு அனுப்பிவிட வேண்டும். கிடைப்பதோ இரண்டரை அங்குல வட்டப் படம். ட்ரைப்பின் பிரிண்டோடு ஒப்பிட்டால் தெளிவில் இது படுபாதாளம். மக்கள் அள்ளிக்கொண்டு போனார்கள்.

விலை மலிவால்தான் போனார்கள் என்று ஒருவர் மறுக்கலாம். கோடக்கின் விலை 25 டாலர், ஃபிலிம் கழுவி மறுபடி ஏற்றித் தர 10 டாலர். அன்றைய அமெரிக்கத் தொழிலாளிக்கு இது இரண்டு வாரச் சம்பளத்துக்கு மேல். மலிவு என்று சொல்ல வாய்வராது. மலிவு வந்தது 1900இல், ஒரு டாலர் பிரௌனியோடு. விலை குறைந்தபோது வாங்குகிறவர்களின் எண்ணிக்கை பெருகியது உண்மை. வாங்கப்பட்ட பொருளின் உருவம் அதற்கு முன்பே, எடையால் முடிவாகியிருந்தது. 1912இல் வந்த வெஸ்ட் பாக்கெட் கோடக் மடித்தால் சட்டைப்பைக்குள் போய்விடும்; முதல் உலகப் போரில் சிப்பாய்கள் அதைத்தான் எடுத்துப் போனார்கள். 1924 எவரெஸ்ட் பயணத்தில், கடைசி ஏற்றத்துக்குப் போன ஜார்ஜ் மல்லோரிக்குத் தன்னுடைய வெஸ்ட் பாக்கெட் கோடக்கைக் கொடுத்தனுப்பியவர் ஹோவர்ட் சாமர்வெல். இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்து நெய்யூர் மிஷன் மருத்துவமனையில் பல ஆண்டுகள் அறுவை மருத்துவராக இருந்தவர் அவர். மூச்சுக் காற்றுக்கே கணக்குப் பார்த்த உயரத்தில் அந்தக் கேமரா மட்டும் தேவையற்ற சுமைகளின் பட்டியலில் சேரவில்லை. 1999இல் மல்லோரியின் உடல் கிடைத்தது, கேமரா கிடைக்கவில்லை.

தெளிவைக் கொடுத்துச் சுமையைக் குறைத்துக்கொண்ட பேரத்துக்கு லைக்காவை மிஞ்சிய சாட்சி இல்லை. வெட்ஸ்லார் நகரத்து லைட்ஸ் நிறுவனத்தில் வேலை பார்த்த ஆஸ்கர் பர்னாக்குக்கு ஆஸ்துமா. மலைநடையும் படமும் இரண்டும் பிரியம். 13×18 செ.மீ. தகட்டுக் கேமராவை முதுகில் போட்டுக்கொண்டு அவரால் ஏற முடியவில்லை. சினிமா ஃபிலிம் துண்டில் 24×36 மி.மீ. படம் எடுக்கும் கருவியை முதல் உலகப் போருக்குச் சற்று முன் அவர் செய்து பார்த்தது இந்த நெருக்கடியால்தான். பழைய தகட்டின் பரப்பில் இது 27இல் ஒரு பங்கு. சிறிய நெகட்டிவ் எடுத்துப் பெரிய படமாக்கலாம் என்ற நம்பிக்கையை மாக்ஸ் பெரெக் வடிவமைத்த 50 மி.மீ. லென்ஸ் தாங்கிப் பிடித்தது. ஆனாலும் 1925இல் லைப்சிக் சந்தையில் லைக்கா வந்தபோது, தகட்டுக்காரர்கள் இதைப் பொம்மை என்று தள்ளியதில் அநியாயம் ஏதும் இல்லை. அன்றைய ஃபிலிமில் பெரிதாக்கினால் மணிமணியாகப் பிரிந்து தெரிந்தது உண்மைதான். அவர்கள் கணக்கில் விடுபட்டது ஒன்றே. லென்ஸை உள்ளே தள்ளி மேல்கோட்டுப் பையில் போட்டுக்கொண்டவன் நாள் முழுக்க நடந்தான். தகட்டுக் கேமரா மலையடிவாரத்தில் நின்றுவிட்டது.

இந்த வாதத்துக்கு வலுவான எதிர்ச்சாட்சி, லென்ஸ் வழியாகவே பார்த்து எடுக்கும் எஸ்எல்ஆர். உள்ளே கண்ணாடி, மேலே பட்டகம், பாடி மட்டுமே 700 கிராமுக்கு அருகில் என்று 1959இல் வந்த நிக்கான் எஃப், லைக்கா வகையறாவை விடக் கனமானது, சத்தமும் கூட. இருந்தும் அடுத்த இருபது ஆண்டுகளில் ஆர்வலர்கள் திரளாக எஸ்எல்ஆர் பக்கம் போனார்கள். சுமைதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது என்றால் இது நடந்திருக்கக் கூடாது. நடந்ததன் காரணம் பாடியில் இல்லை, மொத்த மூட்டையில் இருக்கிறது என்று நினைக்கிறேன். லைக்காவில் 135 மி.மீ. தாண்டினால் தனியாகக் கண்ணாடிப் பெட்டி ஒன்றை மாட்ட வேண்டும். பூவை நெருங்கி எடுக்க வேறு துணைக்கருவி. எஸ்எல்ஆரில் லென்ஸை மாற்றினால் போதும், பார்ப்பது அப்படியே படமாகும். பிறகு ஜூம் லென்ஸ் தேறியதும் மூன்று லென்ஸின் வேலையை ஒன்று பார்த்தது. இந்த விளக்கம் முழுத் திருப்தி தராது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். லென்ஸ் வழியாகவே நேரே பார்க்கிற சுகத்துக்காகக் கொஞ்சம் கனத்தைப் பொறுத்துக்கொண்டவர்கள் இருந்தார்கள். ஆனால் அந்தப் பொறுமைக்கு எல்லை இருந்தது. அதைச் சரியாகக் கண்டுபிடித்தவர் ஒலிம்பஸின் யோஷிஹிசா மைதானி. எஸ்எல்ஆரின் பருமன், எடை, அதிர்வு மூன்றையும் குறையாகவே எண்ணி, 1972இல் 510 கிராமில் ஒரு பாடியைக் கொண்டுவந்தார். எம்-1 என்ற பெயரை லைட்ஸ் ஆட்சேபித்ததால் அது ஓஎம்-1 ஆனது. போட்டி நிறுவனங்களும் சிறிய பாடிகளைச் செய்யத் தொடங்கின. 1979இல் அவருடைய எக்ஸ்ஏ இன்னும் ஒரு படி போனது: 225 கிராம், முன்புறம் நகரும் மூடி, உறையும் லென்ஸ் மூடியும் வேண்டாம். பையே இல்லாத கேமரா.

பையைப் பற்றி வரலாற்றாசிரியர்கள் வாய் திறப்பதில்லை. கேமராவோடு சேர்ந்து வரும் துணிச் சாமானாக ஒதுக்கிவிடுகிறார்கள். ஆர்வலரின் கருவிகளில் மனித உடம்பை அளவாக வைத்துத் தைக்கப்படும் ஒரே பொருள் அதுதான். வெகுகாலம் பை என்பது கேமராவைக் காப்பாற்றும் பெட்டியாகவே இருந்தது: விறைத்த தோல் உறை, மூலை குத்தும் தோல்பெட்டி, அலுமினியப் பெட்டி. 1976இல் பிலடெல்பியா இன்க்வயரர் நாளிதழின் படக்காரர் ஜிம் டோம்கி செய்த எஃப்-2 பை இதைத் தலைகீழாக்கியது. கித்தான் துணி, நடுவில் நான்கு அறைகள், பக்கத்துக்கு ஒரு பாக்கெட், திண்டு என்று பெரிதாக ஒன்றும் இல்லை. காலியாகிவிட்டால் இடுப்போடு ஒட்டிச் சரியும். தோளிலிருந்து வழுக்காமல் இருக்க நாடாவுக்குள் ரப்பர் இழை ஓடும். தூரத்திலிருந்து பார்த்தால் நம் ஜோல்னாப் பையின் தடித்த உறவுக்காரன். இங்கிலாந்தின் பில்லிங்ஹாம் நிறுவனமோ தைத்தது தூண்டில்காரர்களுக்கான பை; 1970களின் கடைசியில் நியூயார்க் படக்காரர்கள் அதை வாங்குவது தெரிந்த பிறகுதான் கேமராப் பைக்கு மாறியது. இரண்டிலும் முதல் மரியாதை சுமக்கிறவனுக்கு; கேமராவுக்கு அடுத்த இடம்தான்.

இந்தியாவைச் சுட்டிக்காட்டி ஒருவர் மடக்கலாம். இறக்குமதிக் கட்டுப்பாட்டுக் காலத்தில் இங்கே யார் எடை பார்த்தார்கள்? உள்நாட்டில் கிடைத்த அக்ஃபா கிளிக் 3, அல்லது சிங்கப்பூரிலிருந்து வந்த உறவினர் கொண்டுவந்தது, அல்லது பர்மா பஜாரில் பேரம் படிந்தது. கிடைத்ததை எடுத்துக்கொண்டார்கள், அவ்வளவுதான். நியாயமான பேச்சு. தேர்வு என்பதே இல்லாத சந்தையில் தேர்வின் காரணத்தைத் தேட முடியாது. ஆனால் கிடைத்த பொருள்களும் வேறெங்கோ தேர்வு நடந்து முடிந்த பொருள்கள்தாம். கிளிக் 3 என்ற இலேசான பெட்டி பிரௌனியின் வம்சம். உறவினர் பெட்டியில் வந்திறங்கிய ஜப்பானியக் கேமரா பர்னாக்கின் 24×36 பேரத்தின் வாரிசு.

டிஜிட்டல் காலத்தில் இன்னொரு கடினமான கேள்வி எழுகிறது. 2008இல் தொடங்கி ஒலிம்பஸும் பானசானிக்கும் எஸ்எல்ஆரின் கண்ணாடியை எடுத்துவிட்டு, முழு ஃபிரேம் என்ற அந்த 24×36 அளவில் ஏறக்குறைய கால் பரப்புள்ள சென்சாரோடு சிறிய கேமராக்களையும் லென்ஸ்களையும் கொண்டுவந்தன. எடைதான் ராஜா என்றால் அவை ஆண்டிருக்க வேண்டும். ஒலிம்பஸோ 2021 தொடக்கத்தில் கேமரா வியாபாரத்தையே கைமாற்றிவிட்டது. இரண்டு பக்கத்திலிருந்து அடி விழுந்தது. 2013இல் சோனி ஏ7 முழு ஃபிரேம் சென்சாரை 474 கிராமுக்குள் அடக்கிவிட்டதால், பாடியில் சிறியவற்றின் சலுகை கரைந்தது. மறுபக்கம் செல்போன். ஜப்பானியக் கேமரா உற்பத்தியாளர் சங்கக் கணக்கில் 2010இல் 12 கோடிக்கு மேல் அனுப்பப்பட்ட டிஜிட்டல் கேமராக்கள் 2023இல் 80 லட்சத்துக்கும் கீழே இறங்கின. அந்தக் கோடிக்கணக்கானவர்கள் கூர்மை தேடிப் போகவில்லை. விரல்நகம் அளவுகூட இல்லாத சென்சாரை ஏற்றுக்கொண்டு, தனியாக ஒன்றைத் தூக்கும் வேலையை விட்டார்கள்.

மிஞ்சியவர்கள் கனத்துக்குத் துணிந்தவர்கள் என்று எண்ணித்தான் நிறுவனங்கள் பெரிய லென்ஸ்களில் இறங்கின. 2018இல் வந்த கேனன் 28-70 எஃப்/2 ஒரு லென்ஸே 1,430 கிராம். கல்யாண மண்டபத்தில் அது கொடுத்த காசுக்கு உழைக்கும். பையைப் பிடித்துக்கொள்ள அங்கே உதவியாளர் இருக்கிறார். கோயில் கோயிலாக நடக்கிற ஆர்வலருக்கு மதியத்துக்கு மேல் அது கழுத்தில் தொங்கும் கல். சோதனை அறிக்கைகள் படத்தின் மூலைக் கூர்மையைப் பத்துப் படமாகப் போட்டுக் காட்டும், எடையை அட்டவணையில் ஒரு வரியாக முடிக்கும். விற்கிறவர்களுக்கு விஷயம் புரிந்திருக்கிறது. 2016இல் 886 கிராமாக வந்த சோனியின் 24-70 எஃப்/2.8 லென்ஸ் 2022இல் இரண்டாம் பதிப்பாக 695 கிராமில் வந்தபோது, அந்த வகையில் உலகிலேயே இலேசானது என்பதைத்தான் நிறுவனம் உரக்கச் சொன்னது.