கொழுக்குமலை சூரிய உதயம்: எப்படிப் போகணும், எப்போ போனா மேகக் கடல் கிடைக்கும்?

இன்ஸ்டா ரீல்ஸில் நீங்கள் கட்டாயம் பார்த்திருப்பீர்கள். கீழே பஞ்சு மூட்டையைக் கொட்டி வைத்தது போல மேகம், அதன் விளிம்பில் இருந்து எழும் சூரியன், முன்னால் சிங்க முகம் போல நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு பாறை. அதுதான் கொழுக்குமலை.

ரீல்ஸில் வராத இன்னொரு பக்கமும் உண்டு. விடியற்காலை 3 மணிக்கு எழுந்து, குளிரில் நடுங்கி, ஜீப்பில் குலுங்கி மேலே போய்ச் சேர்ந்தால் பத்தடி தூரத்தில் நிற்கும் நண்பர் முகம்கூடத் தெரியாத அளவுக்குப் பனிமூட்டம். ஏமாந்து திரும்புகிறவர்களும் நிறைய பேர். இதில் அதிர்ஷ்டத்துக்குப் பங்கு இருக்கிறது. ஆனால் நாள், நேரம், தங்கும் இடம் மூன்றையும் சரியாகத் தேர்ந்தெடுத்தால் வாய்ப்பை நிச்சயம் கூட்டலாம். அதற்கான விவரங்கள்தான் இது.

கொழுக்குமலை எங்கே இருக்கு? தமிழ்நாடா, கேரளாவா?

இடம் தமிழ்நாடு, தேனி மாவட்டம். ஆனால் வண்டியில் போக ஒரே வழி கேரளா. இடுக்கி மாவட்டத்தில் உள்ள சூரியநெல்லியில் இருந்துதான் ஜீப் பாதை ஏறுகிறது. தமிழ்நாட்டுப் பக்கம் குரங்கணியில் இருந்து இருப்பது காட்டுக்குள் போகும் நடைபாதை மட்டும்தான். அதைப் பற்றிக் கீழே தனியாகப் பார்ப்போம்.

மலையின் உயரம் கடல் மட்டத்தில் இருந்து 2,100 மீட்டருக்கும் மேல். கிழக்கே கீழே தெரிவது போடிநாயக்கனூர் சமவெளி. அதன் உயரம் 400 மீட்டருக்கும் குறைவு. அதாவது நீங்கள் நிற்கும் இடத்துக்கும் கீழே தெரியும் ஊருக்கும் நடுவே செங்குத்தாக ஒன்றே முக்கால் கிலோமீட்டர் இடைவெளி. மேகம் உங்கள் காலுக்குக் கீழே இருப்பதற்குக் காரணம் இந்தச் சரிவுதான்.

அந்த 'மேகக் கடல்' எப்படி உருவாகுது?

வானம் தெளிவாக இருக்கும் இரவில் தரை வேகமாக வெப்பத்தை இழக்கிறது. குளிர்ந்த காற்று எடை கூடியது. அது சரிவு வழியாக இறங்கிப் பள்ளத்தாக்கில் தேங்குகிறது. அதற்கு மேலே கொஞ்சம் வெதுவெதுப்பான காற்று மூடி போல உட்கார்ந்துகொள்கிறது. கீழே ஈரம் போதுமான அளவு இருந்தால் அது மேகமாகிறது. ஆனால் மூடியைத் தாண்டி மேலே வர முடியாது. நீங்கள் அந்த மூடிக்கு மேலே நின்றால் கண்ணுக்கு எட்டியவரை மேகக் கடல்.

ஆக, வேண்டியவை 3: முந்தைய ஓரிரு நாட்களில் பெய்த மழையால் தரையில் ஈரம், இரவில் தெளிவான வானம், வேகமில்லாத காற்று. இதில் எது இல்லாவிட்டாலும் காட்சி மாறிவிடும். ஈரம் இல்லையென்றால் மேகம் இருக்காது, வெறும் பள்ளத்தாக்கு தெரியும். அதுவும் அழகுதான். கிழக்குக் காற்று பலமாக அடித்தால் மேகம் சரிவில் ஏறி உங்களையே மூடிவிடும்.

இன்னொன்று, சூரியன் ஏறத் தொடங்கியதும் பள்ளத்தாக்கு சூடாகும், மூடி உடையும், மேகம் கலைந்து மேலே எழும்பும். அதனால் 'நிதானமா 9 மணிக்குப் போய்ப் பார்த்துக்கலாம்' என்ற பிளான் இங்கே வேலைக்கு ஆகாது.

எந்த மாதம் போகலாம்?

ஜூன் முதல் செப்டம்பர் வரை: தென்மேற்குப் பருவமழை. மூணாறு பக்கம் கொட்டித் தீர்க்கும். மலை பெரும்பாலும் மேகத்துக்குள்தான் இருக்கும். மண்சரிவு அபாயம் வேறு. சூரிய உதயத்துக்காக மட்டும் போவதென்றால் தவிர்த்துவிடுங்கள்.

அக்டோபர், நவம்பர்: வடகிழக்குப் பருவமழை. மலை பச்சைப் பசேல் என்று இருக்கும். இரண்டு மழைக்கு நடுவே கிடைக்கும் தெளிவான காலை அருமையாக இருக்கும். ஆனால் அது எந்தக் காலை என்று முன்பே சொல்வது கஷ்டம். நாளை மாற்றிக்கொள்ளும் வசதி இருப்பவர்களுக்கான மாதங்கள் இவை.

டிசம்பர் பாதி முதல் பிப்ரவரி தொடக்கம் வரை: நல்ல காலம் இதுதான். தரையில் ஈரம் இருக்கும், வானமும் தெளிய ஆரம்பித்திருக்கும். குளிரும் அதிகம், விடியற்காலையில் வெப்பநிலை ஒற்றை இலக்கத்துக்கு இறங்கும். கிறிஸ்துமஸ் முதல் புத்தாண்டு வரையிலும் பொங்கல் விடுமுறையிலும் கூட்டம் தாங்காது. ஜனவரி கடைசி வாரத்தில் ஒரு வார நாள் கிடைத்தால் விடாதீர்கள்.

பிப்ரவரி பாதி முதல் மே வரை: காய்ந்த காலம், காட்டுத்தீ காலம். சமவெளியின் புழுதியும் புகையும் சேர்ந்து பார்வையை மங்கலாக்கும். ஜீப்பில் போய் வரலாம். ஆனால் மேகக் கடலை எதிர்பார்க்க வேண்டாம். இதோடு இரவிகுளம் தேசியப் பூங்காவையும் சேர்த்துத் திட்டமிடுபவர்கள் கவனிக்க: வரையாடுகள் குட்டி போடும் பருவம் என்பதால் வழக்கமாக பிப்ரவரி, மார்ச் மாதங்களில் பூங்கா மூடியிருக்கும்.

சூரியன் எத்தனை மணிக்கு வரும்?

ஆண்டிலேயே இரவு நீளமான நாள் டிசம்பர் 21 அல்லது 22. அதனால் அன்றுதான் சூரியன் தாமதமாக உதிக்கும் என்று பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் நம் பக்கம் சூரிய உதயம் மிகத் தாமதமாவது ஜனவரி கடைசியில். கொழுக்குமலையின் அட்சரேகை, தீர்க்கரேகையை வைத்துக் கணக்கிட்டால் தோராயமாக இப்படி வருகிறது:

- அக்டோபர் 15: காலை 6.10
- நவம்பர் 15: காலை 6.16
- டிசம்பர் 15: காலை 6.30
- ஜனவரி 15: காலை 6.42
- பிப்ரவரி 15: காலை 6.41
- மார்ச் 15: காலை 6.28

உயரத்தில் நிற்பதால் சில நிமிடங்கள் முன்னதாகவே தெரியலாம். நவம்பருக்கும் ஜனவரிக்கும் நடுவே 26 நிமிட வித்தியாசம் இருப்பதைக் கவனியுங்கள். நவம்பரில் போன நண்பர் சொன்ன நேரத்தை வைத்து ஜனவரியில் கிளம்பினால் குளிரில் சும்மா நிற்க வேண்டியிருக்கும். ஜனவரி நேரத்தை வைத்து நவம்பரில் போனால் உதயமே கைவிட்டுப் போகும்.

வானத்தில் நிறம் மாறத் தொடங்குவது உதயத்துக்கு 20, 25 நிமிடங்கள் முன்பு. படம் எடுப்பவர்களுக்கு அந்த நேரம்தான் முக்கியம். ஆகவே உதயத்துக்கு 40 நிமிடம் முன்பே மேலே இருப்பது போல ஜீப் டிரைவரிடம் பேசிக்கொள்ளுங்கள். சூரியநெல்லியில் இருந்து மேலே போக ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். எனவே நவம்பரில் 4.15 வாக்கில் கிளம்புவதும், ஜனவரியில் 4.45-க்குள் கிளம்புவதும் சரியாக இருக்கும்.

எப்படிப் போறது?

சென்னையில் இருந்து: 2023 ஜூன் முதல் சென்னை சென்ட்ரலில் இருந்து போடிநாயக்கனூருக்கு நேரடி இரவு ரயில், வாரம் 3 நாள் ஓடுகிறது. திங்கள், புதன், வெள்ளி இரவு சென்னையில் கிளம்பி மறுநாள் காலை போடி சேரும். திரும்ப செவ்வாய், வியாழன், ஞாயிறு இரவு. நாட்கள் மாறலாம் என்பதால் டிக்கெட் போடும்போது ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

மதுரையில் இருந்து: போடி சுமார் 90 கி.மீ. ரயில், பஸ் இரண்டும் உண்டு.

போடியில் இருந்து போடிமெட்டு மலைப்பாதை ஏறி, பூப்பாறை வழியாக சூரியநெல்லி. ஒன்றரை முதல் 2 மணி நேரம். வாடகை கார் என்றால் கேரளாவுக்குள் போக பெர்மிட் இருக்கிறதா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

கொச்சி பக்கம் இருந்து வருபவர்கள் மூணாறு, தேவிகுளம், கேப் ரோடு, சின்னக்கானல் வழியாக சூரியநெல்லி வரலாம்.

சூரியநெல்லிக்கு மேல் உங்கள் கார், பைக் எதுவும் செல்லாது. போர் வீல் டிரைவ் ஜீப் மட்டும்தான். வாடகை ஆளுக்கு இவ்வளவு என்று இல்லை, ஜீப்புக்கு இவ்வளவு என்றுதான் பேசுவார்கள். தனியாகவோ இருவராகவோ போகிறீர்கள் என்றால் ஷேர் செய்ய ஆள் கிடைப்பார்களா என்று முந்தின நாள் மாலையே தங்குமிடத்தில் கேட்டுவையுங்கள். பாதை முழுக்கக் கல்லும் குழியும்தான். முதுகுவலி உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் இந்தப் பயணத்தைத் தவிர்ப்பது நல்லது.

எங்கே தங்கலாம்? மூணாறில் தங்கினால் என்ன?

பலரும் சறுக்குவது இங்கேதான். மூணாறில் ரூம் போட்டால் விடியற்காலை 3 மணிக்கு முன்பே கிளம்பி, இருட்டில் கேப் ரோடு வழியாக வர வேண்டும். மழைக்காலத்தில் பலமுறை மண் சரிந்த பாதை அது. கனமழை நாட்களில் இரவுப் பயணத்துக்குத் தடையும் வரும்.

அதைவிட முக்கியம், சின்னக்கானல், ஆனையிறங்கல் பகுதி யானைகள் நடமாடும் இடம். 2023 ஏப்ரலில் பிடித்து இடமாற்றம் செய்யப்பட்ட 'அரிக்கொம்பன்' யானை நினைவிருக்கிறதா? அடுத்த மாதமே கம்பம் நகருக்குள் வந்ததே, அதே யானைதான். அதன் சொந்த ஊர் இந்தச் சின்னக்கானல். அந்த ஒரு யானை போய்விட்டது. மற்ற யானைகள் இன்னும் அங்கேதான் இருக்கின்றன. பரிச்சயமில்லாத டிரைவரோடு இருட்டில் அந்த வழியே வராதீர்கள்.

சூரியநெல்லியிலேயே தங்குங்கள். பகல் வெளிச்சத்தில் போய்ச் சேர்ந்துவிடுங்கள். தூக்கமும் ஒன்றரை மணி நேரம் கூடுதலாகக் கிடைக்கும்.

ஒரு நாள் போதுமா?

வெள்ளி இரவு கிளம்பி ஞாயிறு இரவு திரும்பும் வழக்கமான வீக்எண்ட் பிளானில் உங்களுக்குக் கிடைப்பது ஞாயிறு என்ற ஒரே ஒரு காலை. காட்சி கிடைக்கும் வாய்ப்பு பாதிக்குப் பாதி என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். இரண்டு காலை கையில் இருந்தால் அது 75 சதவீதம் வரை கூடும். வெள்ளிக்கிழமை ஒரு நாள் லீவு போட்டு வியாழன் இரவே பஸ் ஏறினால் சனி, ஞாயிறு இரண்டு காலையும் உங்களுடையவை. முந்தின நாள் மாலை இந்திய வானிலை ஆய்வுத் துறையின் செயற்கைக்கோள் படத்தைப் பாருங்கள். தேனிக்கு மேல் அடர்ந்த மேகம் இருந்தால் ஜீப்பை மறுநாளுக்கு மாற்றிப் பேசலாம்.

குரங்கணியில் இருந்து நடந்து போகலாமா?

அனுமதி இல்லாமல் கூடவே கூடாது. 2018 மார்ச் 11, ஞாயிற்றுக்கிழமை. கொழுக்குமலையில் இருந்து குரங்கணிக்கு இறங்கிக்கொண்டிருந்த மலையேற்றக் குழுவினர் காட்டுத்தீயில் சிக்கினார்கள். 20-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். அவர்களில் பலர் சென்னையில் வேலை பார்த்த இளைஞர்கள். உங்களைப் போலவே வார இறுதிக்கு மலைக்கு வந்தவர்கள். மார்ச் மாதம், காய்ந்து கிடந்த புல், செங்குத்தான சரிவு. தீ மேல்நோக்கி ஓடும் வேகத்தில் மனிதர்கள் ஓட முடியாது.

அதன் பிறகு அதே ஆண்டு தமிழ்நாடு அரசு மலையேற்றத்துக்குத் தனி விதிகள் கொண்டுவந்தது. 2024 அக்டோபரில் 'டிரெக் தமிழ்நாடு' திட்டத்தில் 40 பாதைகள் ஆன்லைன் முன்பதிவோடு திறக்கப்பட்டன. தீ அபாயக் காலத்தில் இவை மூடப்படுகின்றன. நடக்கத்தான் ஆசை என்றால் அந்தப் பட்டியலில் உள்ள பாதையில், வனத்துறை வழிகாட்டியோடு போங்கள். 'எங்களுக்கு ஆள் தெரியும், பர்மிஷன் பார்த்துக்கலாம்' என்று யாராவது சொன்னால், அனுமதிச் சீட்டைக் கண்ணால் பார்க்காமல் பணம் கட்டாதீர்கள். எந்தப் பாதைக்கு அனுமதி என்பதையும் அதில் படித்துப் பாருங்கள்.

கையில் என்ன இருக்கணும்?

ஸ்வெட்டர், காதை மூடும் குல்லா, டார்ச், தண்ணீர், பணமாகக் கொஞ்சம் ரூபாய். பாறை விளிம்பில் தடுப்பு எல்லா இடத்திலும் இல்லை; ஈரமாக இருந்தால் வழுக்கும். செல்ஃபிக்காகப் பின்னால் நகராதீர்கள். உதயம் முடிந்து இறங்கும் வழியில் தேயிலைத் தொழிற்சாலை இருக்கிறது. அங்கே ஒரு டீ குடித்துவிட்டு வாருங்கள்.

கடைசியாக ஒன்று: குறிஞ்சி பூக்கும்போது போகலாம் என்று காத்திருப்பவர்களுக்கு. 12 ஆண்டுகளுக்கு ஒருமுறை பூக்கும் நீலக்குறிஞ்சி இந்தப் பகுதியில் 2018-ல் பூத்தது. அடுத்து 2030.