உலாவிகளில் விளம்பரத் தடுப்பு

இணையப் பக்கங்களோடு வரும் விளம்பரங்களைப் படிப்பவரின் உலாவியிலேயே நிறுத்திவிடுவது விளம்பரத் தடுப்பு. அச்சு இதழில் செய்தியும் விளம்பரமும் ஒரே தாளில் சேர்ந்து வருகின்றன. இணையத்தில் அப்படியில்லை. பக்கத்தின் எழுத்து ஒரு சர்வரிலிருந்து வரும். விளம்பரம் பெரும்பாலும் வேறு நிறுவனத்தின் சர்வரிலிருந்து வரும். இரண்டையும் தனித்தனியே கேட்டு வாங்கி ஒன்றுசேர்ப்பது படிப்பவரின் கணினியில் ஓடும் உலாவி. கேட்டு வாங்கும் இடத்தில் இருப்பதால் சிலவற்றைக் கேட்காமலும் விட்டுவிட அதனால் முடியும். அந்த முடிவை எடுக்கும் உரிமை யாருக்கு என்பதே முப்பது ஆண்டுகளாக நடக்கும் விவாதத்தின் மையம்.

1994 அக்டோபரில் ஹாட்வயர்டு தளத்தில் ஏடி அண்ட் டி நிறுவனத்தின் பேனர் விளம்பரம் வெளியானது. இணைய பேனர் விளம்பரங்களின் தொடக்கமாக அதையே குறிப்பிடுவது வழக்கம். இரண்டே ஆண்டுகளில், 1996இல், அமெரிக்காவின் பிரைவ்நெட் நிறுவனம் 'இன்டர்நெட் ஃபாஸ்ட் ஃபார்வர்ட்' என்ற தடுப்பு மென்பொருளைக் கொண்டுவந்தது. தொலைபேசி இணைப்பில் ஒவ்வொரு படமும் ஊர்ந்து இறங்கிய அந்தக் காலத்தில், விளம்பரத்தை ஒதுக்கினால் நேரமும் கட்டணமும் மிச்சமாயின. 1990களின் இறுதியில் தானே திறந்துகொள்ளும் பாப்-அப் சன்னல்கள் பெருகின. டிரைபாட் தளத்தில் அதற்கான நிரலை எழுதியவர்களுள் ஒருவரான ஈதன் சுக்கர்மேன், 2014இல் தி அட்லாண்டிக் இதழில் அதற்காக வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டார். ஓப்பராவும் மொசில்லாவும் பாப்-அப் தடுப்பை உலாவியிலேயே சேர்த்தன. 2004இல் மைக்ரோசாஃப்டும் இன்டர்நெட் எக்ஸ்புளோரரில் அதைச் சேர்த்தது. அதுவும் விளம்பரத் தடுப்புதான். ஆயினும் அது பெரிய எதிர்ப்பின்றி நிலைபெற்றுவிட்டது.

இன்றைய தடுப்பான்களின் மூலவடிவம் 2002இல் டென்மார்க்கின் ஹென்ரிக் ஆஸ்டெட் சோரன்சன் எழுதிய ஆட்பிளாக். ஃபயர்ஃபாக்ஸுக்கு முந்தைய ஃபீனிக்ஸ் உலாவிக்கான நீட்சி அது. 2006இல் விளாதிமிர் பாலண்ட் அதைப் புதிதாக எழுதி ஆட்பிளாக் பிளஸ் ஆக்கினார். இந்த நீட்சிகளுக்கு உயிர் தருபவை வடிகட்டிப் பட்டியல்கள்: எந்த முகவரிக்கான கோரிக்கையை நிறுத்துவது, பக்கத்தின் எந்தப் பகுதியை மறைப்பது என்று வரிவரியாகச் சொல்லும் விதிகள். 2005இல் தொடங்கிய ஈசிலிஸ்ட் அவற்றுள் முதன்மையானது. தன்னார்வலர்கள் பேணும் இந்தப் பட்டியலைத்தான் பல தடுப்பான்கள் நம்பியிருக்கின்றன. மாறிக்கொண்டே இருக்கும் விளம்பர முகவரிகளைப் பல ஆண்டுகளாகத் தேடித் தொகுத்த அந்த உழைப்புக்குக் கிடைத்த கவனம் மிகக் குறைவு.

வெளியீட்டாளர்களின் தரப்பைத் தெளிவாக முன்வைத்தது ஆர்ஸ் டெக்னிகா தளம். 2010 மார்ச்சில் தடுப்பான் பயன்படுத்தியவர்களுக்கு 12 மணி நேரம் கட்டுரைகளை மறைத்துவைத்த பின், அதன் ஆசிரியர் கென் ஃபிஷர் காரணத்தை விளக்கினார். விளம்பரத்தைச் சொடுக்காதவர் தடுத்தால் தளத்துக்கு நட்டமில்லை என்று பலர் எண்ணியிருந்தனர். ஆனால் அவருடைய தளம் போன்றவற்றுக்கு, விளம்பரம் எத்தனை முறை காட்டப்பட்டது என்ற கணக்கிலேயே பணம் வந்தது. இந்த வாதம் வலுவானது. தடுப்பானை முதலில் நிறுவியவர்கள் கணினி அறிந்த வாசகர்கள். ஆகவே அவர்களுக்காக எழுதிய சிறு தளங்களே முதலில் அடிவாங்கின.

2011 டிசம்பரில் ஆட்பிளாக் பிளஸை நடத்திய ஐயோ நிறுவனம் (ஜெர்மனியின் கொலோன் நகரம்) 'ஏற்கத்தக்க விளம்பரங்கள்' திட்டத்தை அறிவித்தது. உறுத்தாத விளம்பரங்கள் தடுக்கப்படாமல் காட்டப்படும். சிறு தளங்களுக்கு அது இலவசம். பெரிய நிறுவனங்கள் கூடுதல் வருவாயில் 30 விழுக்காடு வரை தரவேண்டும். வாயிலை அடைத்தவரே திறப்பதற்குக் கட்டணம் கேட்கிறார் என்ற குற்றச்சாட்டு அப்போதிலிருந்து ஓயவில்லை. 2016இல் பிரிட்டனின் பண்பாட்டு அமைச்சர் ஜான் விட்டிங்டேல் இதைப் பாதுகாப்பு தருவதாகச் சொல்லிப் பணம் பறிக்கும் கும்பல்களின் வழக்கத்துக்கு ஒப்பிட்டார். இந்த ஏற்பாட்டுக்கு வெளியே நின்றது ரேமண்ட் ஹில் 2014இல் வெளியிட்ட யூபிளாக். பின்னர் யூபிளாக் ஆரிஜின் என்ற பெயரில் அதைத் தொடர்ந்தார். அது விதிவிலக்குப் பட்டியலை விற்பதில்லை, நன்கொடையும் பெறுவதில்லை.

2015இல் விவாதம் உச்சத்தைத் தொட்டது. உலகில் 19.8 கோடிப் பேர் தடுப்பான் பயன்படுத்துவதாகவும், அவ்வாண்டு இழப்பு சுமார் 2,200 கோடி டாலர் என்றும் பேஜ்ஃபேர், அடோபி நிறுவனங்களின் அறிக்கை கணித்தது. தடுப்பானை முறியடிக்கும் சேவையை விற்றது பேஜ்ஃபேர் என்பதால் இந்தத் தொகையை எச்சரிக்கையோடுதான் எடுத்துக்கொள்ள வேண்டும். அதே ஆண்டு செப்டம்பரில் ஆப்பிள் ஐஓஎஸ் 9இல் தடுப்பான்களை அனுமதித்தது. மார்கோ ஆர்மென்ட் வெளியிட்ட 'பீஸ்' என்ற செயலி விற்பனைப் பட்டியலில் முதலிடம் பிடித்தது. நல்ல விளம்பரத்தையும் கெட்டதையும் ஒன்றாக வெட்டுவது தமக்கு உவப்பாக இல்லை என்று இரண்டே நாளில் அவர் அதைத் திரும்பப் பெற்றார். விளம்பரத் தொழிலின் அமைப்பான ஐஏபியும், பயனர் அனுபவத்தைக் கவனிக்கத் தவறிவிட்டதாக அக்டோபரில் ஒப்புக்கொண்டது.

படிப்பவர்களின் காரணங்கள் எரிச்சலோடு முடியவில்லை. விளம்பர நிரல்கள் ஒருவர் தளம் தளமாகச் செல்வதைப் பின்தொடர்ந்து குறித்துவைக்கின்றன. 2016 மார்ச்சில் நியூயார்க் டைம்ஸ், பிபிசி உள்ளிட்ட பெரிய தளங்களின் விளம்பர இடங்கள் வழியே தீங்கு நிரல் பரவியது. 2022 டிசம்பரில் அமெரிக்காவின் எஃப்பிஐ, போலித் தேடல் விளம்பரங்களிலிருந்து தப்பத் தடுப்பு நீட்சியைப் பயன்படுத்துமாறு பொதுமக்களுக்கு அறிவுறுத்தியது. ஆசியாவில் கைபேசித் தரவின் செலவே பெரிய காரணம். 2016இல் கைபேசியில் விளம்பரம் தடுத்தவர்கள் 41.9 கோடிப் பேர் என்றும், அவர்களுள் 12.2 கோடிப் பேர் இந்தியர்கள் என்றும் பேஜ்ஃபேர் மதிப்பிட்டது. தடுப்பை உள்ளடக்கி வந்த யூசி உலாவி இந்தியாவில் பரவியிருந்தது இதற்குப் பெரிதும் காரணம்.

தடுப்பானுக்கு எதிரான தொழில்நுட்பப் போட்டியும் இடைவிடாமல் நடந்தது. 2016 ஆகஸ்டில் ஃபேஸ்புக் தடுக்க இயலாதபடி விளம்பரங்களை மாற்றியமைத்தது. இரண்டு நாளில் பட்டியல் பேணுவோர் மாற்று வழி கண்டனர். ஃபேஸ்புக் உடனே அதையும் அடைத்தது. 2023இல் யூடியூப், தடுப்பான் வைத்திருப்போருக்குக் காணொளியை நிறுத்தத் தொடங்கியது.

ஆழமான மாற்றம் உலாவியின் உள்ளமைப்பில் நிகழ்ந்தது. மேனிஃபெஸ்ட் வி3 என்னும் புதிய நீட்சி விதிமுறையின் வரைவை 2018இல் கூகுள் வெளியிட்டது. அதுவரை ஒவ்வொரு கோரிக்கையையும் நீட்சியே இடைமறித்துத் தீர்மானித்தது. புதிய முறையில் நீட்சி தன் விதிகளை முன்கூட்டியே ஒப்படைக்கும். அவற்றைக் கூகுளின் குரோம் உலாவியே செயல்படுத்தும். முதலில் முன்மொழிந்த வரம்பு 30,000 விதிகள். ஈசிலிஸ்ட் மட்டுமே அதைவிட நீளமானது. எதிர்ப்புக்குப் பின் வரம்பு உயர்ந்தது. பயனரின் போக்குவரத்தை முழுதும் பார்க்கும் நீட்சி ஆபத்தாகவும் மாறலாம் என்ற கூகுளின் காரணம் பொய்யல்ல. ஆனால் விளம்பரத்தால் வாழும் நிறுவனமே உலகில் மிகுதியாகப் பயன்படும் உலாவியையும் கையில் வைத்துக்கொண்டு தடுப்பானின் எல்லையை வகுக்கிறது என்ற நிலை, வேறு எந்தத் தொழிலிலும் எளிதில் ஏற்கப்படாது. 2024 ஜூனில் பழைய நீட்சிகளின் நீக்கம் தொடங்கி 2025இல் முடிந்தது. யூபிளாக் ஆரிஜினுக்குக் குரோமில் இப்போது எஞ்சியிருப்பது யூபிளாக் ஆரிஜின் லைட் என்ற குறைந்த திறனுள்ள வடிவம். ஃபயர்ஃபாக்ஸ் பழைய முறையையும் விட்டுவைத்துள்ளது. பிரேவ் உலாவியின் தடுப்பான் நீட்சியாக இல்லாமல் உள்ளேயே கட்டப்பட்டிருப்பதால் இந்த விதி அதைத் தொடவில்லை.

சட்டப் போராட்டத்தின் முக்கியக் களம் ஜெர்மனி. பில்ட் நாளிதழை வெளியிடும் ஆக்சல் ஸ்பிரிங்கர் ஐயோ மீது தொடுத்த போட்டிச் சட்ட வழக்கில், தடுப்பானை வழங்குவது நியாயமற்ற போட்டி ஆகாது என்று 2018 ஏப்ரலில் அந்நாட்டின் கூட்டாட்சி உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதே நிறுவனம் அடுத்துப் பதிப்புரிமையை எடுத்துக்கொண்டது. இணையப் பக்கத்தின் நிரல் பதிப்புரிமை பெற்ற மென்பொருள்; தடுப்பான் அதை உரிமையின்றி மாற்றுகிறது என்பது புதிய வாதம். ஹாம்பர்க் நீதிமன்றங்கள் அதைத் தள்ளின. 2025 ஜூலை 31 அன்று உச்ச நீதிமன்றம், போதிய ஆய்வு நடக்கவில்லை என்று கூறி வழக்கை ஹாம்பர்க்குக்கே திருப்பி அனுப்பியது. பக்கத்தை மாற்றிக் காட்டுவதே மீறல் என்று முடிவானால், பார்வைக் குறைபாடுள்ளவர்களுக்காக எழுத்தையும் நிறத்தையும் மாற்றும் நீட்சிகள், மொழிபெயர்ப்பு நீட்சிகள் ஆகியவையும் அதே கேள்விக்கு விடைசொல்ல வேண்டிவரும்.