தேய்ந்த நாடாவின் எதிரொலி

கிட்டார் இசையில் எதிரொலியின் வரலாற்றைப் பேசப் புகுந்தால், ஒலிநாடாக் கருவியின் இரண்டு காந்தமுனைகளுக்கு நடுவிலுள்ள இடைவெளியிலிருந்துதான் தொடங்க வேண்டும். பதிவுமுனையைத் தொட்டுச் செல்லும் நாடா, சற்றுத் தள்ளியிருக்கும் வாசிப்புமுனையை அடையச் சிறிது நேரமாகிறது. நொடிக்கு 15 அங்குலம் ஓடும் நாடாவில் இரண்டு அங்குல இடைவெளி இருந்தால், ஒலி ஏறத்தாழ 133 மில்லிநொடி தாமதித்துத் திரும்பும். 1950களின் நடுவில் மெம்பிஸ் நகரின் சன் ஒலிப்பதிவுக்கூடத்தில் சாம் பிலிப்ஸ் கையாண்ட, அந்தத் துள்ளி விழும் ஒற்றை எதிரொலிக்கு ஆதாரம் இவ்வளவுதான்.

கூடத்துக்குள் இருந்த இந்த வித்தை விரைவிலேயே மேடைக்கு வந்தது. ஓஹையோவில் மைக் பேட்டில் உருவாக்கிய எக்கோபிளெக்ஸ் 1959இல் வெளியானது. முனையை நகர்த்தித் தாமதத்தைக் கூட்டவோ குறைக்கவோ அதில் வழியிருந்தது. இத்தாலியின் பின்சன் நிறுவனம் நாடாவையே விட்டுவிட்டுச் சுழலும் காந்தத் தட்டை நம்பியது. பிங்க் ஃபிளாய்டின் தொடக்ககால ஒலியில் அதன் பங்கு பெரிது. 1974இல் ஜப்பானின் ரோலண்ட் கொண்டுவந்த ஆர்இ-201 ஸ்பேஸ் எக்கோவில் மூன்று வாசிப்புமுனைகள் இருந்தன.

இக்கருவிகள் அனைத்துக்கும் பொதுவான ஒரு நோய் உண்டு. திரும்பி வந்த ஒலியை மறுபடி பதிய, ஒவ்வொரு சுற்றிலும் அதன் கூர்மை மழுங்கும். மோட்டாரின் தள்ளாட்டமும் நாடாவின் தேய்மானமும் சுருதியை லேசாக அசைக்கும். பொறியாளர்கள் பல்லாண்டுகள் இதற்கு மருந்து தேடினர். 1969இல் ஃபிலிப்ஸ் ஆய்வகத்தில் பிறந்த, மின்னேற்றத்தைக் கைக்குக் கை மாற்றும் சுற்று ஒரு மருந்து. 1983இல் வந்த பாஸ் டிடி-2 மற்றொன்று. 800 மில்லிநொடி வரை, இரைச்சலின்றி, எண்களாக மாற்றிய எதிரொலி. நோய் தீர்ந்தது என்றே சொல்லலாம். ஆனால் காதுகள் பழைய நோயாளியைத் தேடத் தொடங்கின. 1999இல் லைன் 6 நிறுவனத்தின் டிஎல்4 பழைய கருவிகளின் பிழைகளைக் கணக்கிட்டுப் போலி செய்தே புகழ்பெற்றது.

இன்றைய எண்முறைக் கருவியில் அப்பழைய ஒலியை மீட்க விரும்புவோர் முதலில் கவனிக்க வேண்டியது தாமதத்தின் அளவையன்று, வடிகட்டி இருக்கும் இடத்தை. ஒலி மீண்டும் மீண்டும் சுழலும் பாதைக்குள்ளேயே, 3000 ஹெர்ட்ஸுக்கு மேற்பட்டதை மெல்லக் குறைக்க வேண்டும். அப்போதுதான் இரண்டாம் எதிரொலி முதலாவதைவிடவும், மூன்றாவது அதைவிடவும் மங்கும். வடிகட்டியைப் பாதைக்கு வெளியே வைத்தால் எல்லா எதிரொலியும் ஒரே அளவில் மங்கி, போர்வைக்குள்ளிருந்து பேசுவது போலாகிவிடும். அதே பாதையில் ஒரு துளி ஒலிச்சிதைவைச் சேர்ப்பதும் நல்லது. சுருதி அசைவை மட்டும் கஞ்சத்தனமாகவே தர வேண்டும். பலர் அதை அள்ளி ஊற்றிக் கேலிச்சித்திரமாக்கிவிடுகிறார்கள் என்பது நம் எண்ணம்.

இதற்குமேல் எண்முறைக் கருவி தடுமாறும் இடம் ஒன்றிருக்கிறது. அதன் தள்ளாட்டம் பெரும்பாலும் அலைபோல ஒரே சீராக வந்து போகும். பழைய நாடாவிலோ ஒட்டுப்போட்ட இணைப்பு முனையைக் கடக்கும்போது ஒரு சிறு இடறல். எங்கோ படிந்த தூசியால் ஒரு நொடி மங்கல். 2022இல் பாஸ் வெளியிட்ட ஆர்இ-202இல் புதிய நாடா, பழைய நாடா என இரண்டையும் தேர்ந்தெடுக்கலாம். அதிலுள்ள பழைய நாடா, வாங்கிய நாளில் இருந்த அளவுக்கே என்றும் பழையதாக இருக்கிறது.